கம்பி போதுமா, அறுவை வேண்டுமா? வளர்ந்தவர்களின் தாடைக் குறைக்கு உள்ள வழிகள்

"கிளிப் போட்டால் சரியாகுமா, ஆபரேஷன்தான் பண்ணணுமா?" தாடை முன்னே நீண்டோ பின்னே ஒடுங்கியோ இருப்பவர்கள், இருபது வயதைத் தாண்டியபின் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பல் மருத்துவரிடம் கேட்கிற கேள்வி இது. கேள்வியில் குறையில்லை, கேட்கிற நேரம்தான் பிசகிவிடுகிறது. கம்பி கட்டி ஒரு வருடம் ஓடி, இரண்டு பல்லும் பிடுங்கியானபின் "முகம் அப்படியேதானே இருக்கு" என்று தோன்றும்போது கேட்கிறார்கள். அதற்குள் இரண்டு வழிகளில் ஒன்று பாதி அடைபட்டுப் போயிருக்கும்.

கம்பியால் மட்டும் ஒப்பேற்றும்போது பற்களை நகர்த்துகிற திசையும், அறுவைக்குத் தயார்செய்யும்போது நகர்த்துகிற திசையும் நேர் எதிர். கீழ்த்தாடை சிறுத்து, மேல்பல் முன்னே நிற்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி மட்டும் என்றால், மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப் பல்லை இரண்டு பக்கமும் எடுத்து, அந்த இடத்துக்குள் முன்பற்களைப் பின்னே இழுப்பார்கள். கீழ் முன்பற்களைச் சற்று வெளியே சாய்ப்பார்கள். இரண்டு வரிசையும் வழியில் சந்தித்துக்கொள்ளும்.

அறுவை என்றால் சாய்ந்து நிற்கும் கீழ் முன்பற்களை உள்ளே நிமிர்த்த வேண்டும். பல் எடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் கீழ்வரிசையில்தான் எடுப்பார்கள். இதனால் மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் உள்ள இடைவெளி குறையாது, கூடும். கூட வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவர முடியும். பல்லிடைவெளி 5 மி.மீ., தாடைக் குறை 9 மி.மீ. என்றால், 5 மி.மீ. நகர்த்தியதுமே பல் முட்டிக்கொள்ளும். மீதி 4 மி.மீ. குறை முகத்திலேயே தங்கிவிடும். கீழ்த்தாடை நீண்டவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: கம்பி மட்டும் என்றால் கீழே பல் எடுத்துப் பின்னே இழுப்பார்கள், அறுவை என்றால் கீழ்பல்லை வெளியே நிமிர்த்துவார்கள்.

அதனால் கம்பியைத் தாங்கும் முதல் பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டும் முன்பே எந்த வழி என்று முடிவாக வேண்டும். பாதியில் மாறினால், இழுத்த பல்லைத் திரும்பத் தள்ள ஒரு வருடம் போகும். பிடுங்கிய பல்லோ திரும்பி வராது.

எலும்பிலா, பல்லிலா?

பல் மட்டும் கோணலாக இருப்பவருக்கு அறுவை தேவையே இல்லை. எது எங்கே என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கடைவாய்ப் பல் நன்றாகச் சேரும்படி கடித்து, ஸ்டீல் ஸ்கேலின் முனையைக் கீழ் முன்பல்லின் வெளிப்பக்கத்தில் படுக்கையாக வைத்து, மேல் முன்பல்லின் நுனி வரை அளவெடுங்கள். சில ஸ்கேல்களில் சுழியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதையும் அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள். 2, 3 மி.மீ. இயல்பு. 6, 7 என்றால் இரண்டு வழியும் பேசலாம். வளர்ச்சி முடிந்தவருக்கு 10 மி.மீ. தாண்டினால் கம்பி மட்டும் போட்டு முகமும் கடியும் (மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதம்) ஒருசேர நன்றாக அமைவது அரிது.

அடுத்து, பக்கவாட்டில் நின்று ஒருவரை ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முதல் படம் இயல்பாகக் கடித்தபடி. இரண்டாவது படம், மேல் கீழ் முன்பற்கள் சேரும் வரை கீழ்த்தாடையை முன்னே நீட்டி, உதட்டை மெல்ல மூடியபடி. இரண்டாவது படத்தில் முகம் நன்றாகத் தெரிந்தால் குறை கீழ்த்தாடையில். அதை முன்னே கொண்டுவரும் அறுவை பலன் தரும். வாய் முழுக்க முன்னே தள்ளியதுபோல் மோசமாகத் தெரிந்தால் குறை மேல்தாடையிலோ மேல்பல்லிலோ இருக்கிறது.

கீழ்த்தாடை நீண்டவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். தாடையைத் தளர்த்திப் பின்னே கொண்டுபோனால் முன்பற்கள் நுனியோடு நுனி முட்டுகின்றனவா? முட்டினால், கடிக்கும்போது ஏதோ ஒரு பல் தடுக்கித் தாடை முன்னே வழுக்குகிறது என்று பொருள். எலும்பின் குறை வெளியே தெரிவதைவிடச் சிறியது. கம்பியால் தீர வாய்ப்பு அதிகம்.

இவை மருத்துவரிடம் பேசுவதற்கு மட்டும். முடிவு சொல்ல வேண்டியது தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரே, எல்லாப் பல்லையும் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, பல் அச்சு. முகம் ஒருபக்கம் கோணியிருந்தால் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனும். செஃபலோகிராம் அறிக்கையில் எஸ்என்ஏ, எஸ்என்பி என இரண்டு கோணம் இருக்கும். ஒன்று மண்டையோட்டடியைப் பொறுத்து மேல்தாடை நிற்கும் இடம், மற்றது கீழ்த்தாடை நிற்கும் இடம். இயல்பு முறையே 82, 80 பாகைக்கு அருகில், வித்தியாசம் 2. இந்த எண்கள் வெள்ளை அமெரிக்க முகங்களிலிருந்து எடுத்தவை. நம் முகங்களில் உதடும் முன்பல்லும் கொஞ்சம் முன்னே நிற்பது இயல்பு. எண்ணைக் காட்டி மட்டும் அறுவை சொல்பவரிடம் "முகத்தில் எதை மாற்றப்போகிறீர்கள்" என்று கேளுங்கள்.

வளர்ச்சி நின்றதா என்பதும் முக்கியம். பெண்களுக்குப் பொதுவாக 17 வயதுக்குள், ஆண்களுக்கு 18 முதல் 21க்குள் நிற்கும். கீழ்த்தாடை நீளும் வகையில் இன்னும் தள்ளிப்போகும். 6 முதல் 12 மாத இடைவெளியில் எடுத்த இரண்டு செஃபலோகிராம்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து மாற்றமில்லை என்று உறுதிசெய்யாமல் நீண்ட தாடையைப் பின்னே வைத்தால், வளர்ச்சி பாக்கி இருந்தால் அது திரும்ப நீளும்.

அறுவைக்குக் குறைவான வழிகள்

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். சாப்பாடு மெல்ல முடிகிறது, குறட்டையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் இல்லை, பல் தேயவில்லை, முகத்தைப் பற்றி உங்களுக்கே கவலை இல்லை என்றால், வீட்டார் சொல்கிறார்கள் என்பதற்காக அறுவைக்குப் போக வேண்டாம். காது பக்கத்து மூட்டில் வலியும் கிளிக் சத்தமும் மட்டும் இருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். தாடை அறுவை மூட்டுவலிக்கான மருந்தல்ல, சிலருக்கு வலி கூடவும் செய்யும்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முன்பற்கள் ஆறையும் ராவி, வேர்ச் சிகிச்சை செய்து, உள்ளே தள்ளி கேப் போடுகிற வழி ஒன்று உண்டு. எலும்புக் குறைக்கு இதைச் செய்யவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நல்ல பல்லின் உயிரை எடுத்துவிட்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை கேப் மாற்றும் செலவை வாழ்நாளுக்கும் வாங்கிக்கொள்கிற வேலை அது.

கம்பி மட்டும் என்ற வழி, குறை மிதமாக இருந்து முகத்தோற்றம் பெரிதாக உறுத்தாதவர்களுக்கு நல்ல வழி. 18 முதல் 24 மாதம். எலும்பில் பொருத்தும் மினி ஸ்க்ரூ வந்தபின் அதன் எல்லை விரிந்திருக்கிறது. முன்பல் சேராமல் வாய் திறந்தே நிற்பவர்களுக்குக் கடைவாய்ப் பல்லை 2, 3 மி.மீ. எலும்புக்குள் அமிழ்த்தினாலே முன்பக்கம் மூடிக்கொள்ளும். எல்லை மீறினால்தான் தொல்லை: எலும்பின் வெளிச்சுவரைத் தாண்டிப் பல்லைச் சாய்த்தால் ஈறு இறங்கும், வேர் கரைந்து குட்டையாகும். மேல்பல்லை அதிகம் பின்னிழுத்தால் மேலுதடு ஒடுங்கி மூக்கு பெரிதாகத் தெரியும்.

தாடைகள் ஒன்றுக்கொன்று சரியாக இருந்து, மேல் கீழ் இரண்டு வரிசையும் எத்துப்பல்லாக நிற்பது நம் பக்கம் அதிகம். இதற்கு நான்கு முன்கடைவாய்ப் பல் எடுத்து, மினி ஸ்க்ரூவோடு கம்பி போட்டு இழுப்பது ஒரு வழி. பல் எடுத்த இடத்தில் எலும்பை வெட்டி, முன்பகுதியைப் பல்லோடு துண்டாகப் பின்னே வைப்பது மற்றொரு வழி. அறுவையில் மாற்றம் ஒரே நாளில் கிடைக்கும், சிரித்தால் ஈறு நிறையத் தெரிவதையும் அப்போதே தூக்கிவிடலாம். ஆனால் அந்தத் துண்டுக்கு ரத்தம் மேலண்ணத்துச் சதை வழியாகவோ உதட்டுப்பக்கச் சதை வழியாகவோதான் போகிறது. அது கெட்டால் ஈறும் பல்லும் சேதப்படும். வெட்டு வேருக்கு நெருங்கினால் பக்கத்துப் பல் செத்துவிடும். ஈறு அதிகம் தெரியாதவருக்கு, இரண்டு வருடப் பொறுமை இருந்தால், நாங்கள் கம்பியையே சொல்வோம்.

கடி சரியாக இருந்து முகவாய் மட்டும் சிறுத்தவருக்கு முகவாய் எலும்பை மட்டும் நகர்த்தும் சிறு அறுவை போதும். கடி கெட்டிருக்கும்போது முகவாயை மட்டும் முன்னே வைத்து மறைப்பது பாதி வேலை. அதிலும் தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவருக்கு அது போதாது. அவருக்கு இரண்டு தாடையையும் முன்னே கொண்டுவந்து நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுவழியை அகலப்படுத்துவதில்தான் பலன்.

அறுவை என்று முடிவானால்: கம்பி முதலிலா, அறுவை முதலிலா?

வழக்கமான முறையில் 12 முதல் 18 மாதம் கம்பி, பிறகு அறுவை, பிறகு 6 முதல் 12 மாதம் கம்பி. முன்பகுதி மாதங்களில் முகமும் கடியும் முன்னைவிட மோசமாகத் தெரியும். பலர் மனம் விட்டுப்போவது இங்கேதான். பெண்பார்க்க வருகிற காலமும் இதுவும் ஒன்றாக வந்தால் வீட்டில் பெரும் சங்கடம். முன்பே வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

அறுவையை முதலில் செய்கிற முறையில் முகம் உடனே மாறும். அறுவைக்குப் பின் சில மாதங்கள் எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் பல்லும் வேகமாக நகரும். மொத்தம் ஒன்று, ஒன்றரை வருடத்தில் முடியக்கூடும். வளைகுடாவிலிருந்து 45 நாள் விடுப்பில் வருகிறவர்களுக்கு இது மிகவும் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. பல் நெருக்கம் குறைவாக, மேல் கீழ் பல்வரிசை வளைவுகளின் அகலம் ஓரளவு ஒத்து, தாடையை நகர்த்தியதும் குறைந்தது மூன்று இடத்திலாவது பல் நிலையாக முட்ட வேண்டும். முட்டாவிட்டால் தாடை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல எதுவும் இருக்காது. அறுவை முடிந்து விடுப்பும் முடிந்து விமானம் ஏறினால், பல் வேகமாக நகரும் அந்த மாதங்களில் கம்பியைப் பார்க்க ஆளிருக்காது. போகிற ஊரில் சிகிச்சையைத் தொடர ஒரு பல் சீரமைப்பு மருத்துவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலொழிய இந்த வழி வேண்டாம்.

எந்த நகர்வு நிலைக்கும் என்பதும் முடிவில் சேர வேண்டும். மேல்தாடையை மேலே தூக்குவதும், கீழ்த்தாடையை முன்னே கொண்டுவருவதும் நன்றாக நிலைக்கும். கீழ்த்தாடையைப் பின்னே தள்ளுவது குறைவாகவே நிலைக்கும், மேல்தாடையை அகலப்படுத்துவது அதைவிடக் குறைவு. நீண்ட கீழ்த்தாடைக்கு அதை மட்டும் பின்னே தள்ளாமல், மேல்தாடையையும் முன்னே கொண்டுவந்து குறையைப் பங்குபோட்டுக்கொள்வது இதனால்தான். "ஒரு தாடைக்குச் செலவு குறைவு" என்று அதைத் தவிர்ப்பது நல்ல சிக்கனமல்ல.

அறுவையில் என்ன நடக்கும்

ஞானப்பல் இருந்தால் கீழ்த்தாடை அறுவைக்கு 6 மாதம் முன்பே எடுத்துவிடுவது வழக்கம். பிளக்கிற எலும்பில் குழி இருந்தால் தப்பான இடத்தில் உடையும். புகையும் வெற்றிலைப் பாக்கும் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிற்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஈறுநோயைக் கம்பி கட்டும் முன்பே தீர்த்துவிட வேண்டும்.

மூக்கு வழியாகக் குழாய் வைத்து முழு மயக்கம் கொடுப்பார்கள். வெட்டு எல்லாம் வாய்க்குள்ளேதான், வெளியே தழும்பு பெரும்பாலும் வராது. லே ஃபோர்ட் 1 என்ற முறையில் மேல்தாடையைப் பல்வேருக்கு மேலே கிடையாக வெட்டி இறக்கி, புதிய இடத்தில் நான்கு டைட்டானியம் பிளேட் வைத்து முடுக்குவார்கள். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் நெடுக்காக உள், வெளித் தகடாகப் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவிட்டுப் பொருத்துவார்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு பிளேட். பில்லில் பிளேட், ஸ்க்ரூ எண்ணிக்கையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தாடைக்கு 2, 3 மணி நேரம். இரண்டுக்கும் 4 முதல் 6 மணி நேரம்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். பெரும்பகுதி மூன்று வாரத்தில் வடியும், மீதி வடிய 6 மாதத்துக்கு மேலாகும். முதல் மாதக் கண்ணாடியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இப்போது பெரும்பாலும் கம்பியால் வாயை இறுகக் கட்டுவதில்லை, ரப்பர் பேண்டால் வழிநடத்துகிறார்கள். கட்டியிருந்தால் வீட்டுக்கு வரும்போது சின்ன வயர்க்கட்டர் கையோடு இருக்க வேண்டும்; எந்தக் கம்பியை வெட்டுவது என்று கூட வருகிறவருக்கும் காட்டித்தரச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் தலையை முன்னே சாய்க்க வேண்டும். மேல்தாடை அறுவை செய்தவர் மூன்று வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தால், அறுவை செய்த இடத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் முதலில் அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு, நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, போய்விடுங்கள்.

முதல் இரண்டு வாரம் திரவ உணவு, ஆறு வாரம் வரை மெல்லத் தேவையில்லாத குழைவு. 3 முதல் 5 கிலோ எடை இறங்குவது வழக்கம். சிறுபயறைக் குழைய வேகவைத்துக் கஞ்சியோடு சேர்த்து மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, 60 மி.லி. சிரிஞ்சில் ரப்பர் குழாய் மாட்டிக் கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விட வேண்டும். வடிகட்டாத பயற்றுத்தோல் தையலில் சிக்கி இரண்டாம் நாளே நாறும். 100 கிராம் பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். மீதியைப் பாலும் வடிகட்டிய மீன்சாறும் ஈடுகட்டும். மட்டிப்பழத்தைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் எளிதாக இறங்கும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அடித்தால் பசையாகிக் குழாயை அடைக்கும், அதை விட்டுவிடுங்கள். அக்கானி (பதநீர்) குடித்தால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும், இனிப்பு கம்பியில் தங்கினால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும்.

கீழ்த்தாடையைப் பிளக்கிற இடத்திலேயே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அறுவை முடிந்ததும் ஏறக்குறைய எல்லோருக்கும் அங்கே மரத்திருக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் திரும்பும், சிலருக்குத் திட்டாக நிரந்தரமாகத் தங்கும். வயது கூடக்கூட இந்த அபாயம் கூடும், நாற்பதைத் தாண்டியவர் இதை நன்றாக எடைபோட வேண்டும். உதடு அசையும், பேசலாம், சிரிக்கலாம். ஆனால் சூடு தெரியாது. கஞ்சியைக் கைமணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டே வாயில் விடுங்கள். மரத்த உதடு வெந்தது கொப்புளம் வந்தபின்தான் தெரியும்.

எங்கே செய்வது

கம்பியைப் பார்க்க 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். மொத்தம் 20 முறைக்கு மேலும் ஆகலாம். அறுவையோ ஒருமுறை. அதனால் கம்பி போடுகிற இடம் பக்கத்தில் இருக்கட்டும், அறுவை தூரத்திலும் இருக்கலாம். ஆனால் இருவரும் முதலிலேயே சேர்ந்து பேசித் திட்டமிட்டிருக்க வேண்டும். குலசேகரம் ஸ்ரீ மூகாம்பிகா, மாவட்ட எல்லையைத் தாண்டினால் காவல்கிணறு ராஜாஸ் போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் பல் சீரமைப்பு, வாய்-முகத்தாடை அறுவை ஆகிய இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருப்பதால் இந்தப் பேச்சு எளிது. முதுநிலை மாணவர்கள் கம்பி பார்க்கிற இடங்களில் நேரம் அதிகம் பிடிக்கும், மாணவர் படிப்பு முடிந்தால் கை மாறும். யார் பொறுப்புப் பேராசிரியர் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில் நாள் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அறுவை மருத்துவர் வெளியூரிலிருந்து வந்து செய்துவிட்டுப் போகிறவரா என்று கேளுங்கள். இரண்டாம் வாரம் கடி பிசகினால் ரப்பரை மாற்றித்தர அவர்தான் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ., மார்த்தாண்டம் குழித்துறைக்காரர்களுக்கு இன்னும் பக்கம். அங்குள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரு தேர்வு. காலையில் ரயிலேறி சாயங்காலம் திரும்பலாம், பாஷையும் நம்மாட்களுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் கேரள அரசின் காப்பீடு தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக்குச் செல்லாது. சென்னை தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 700 கி.மீ.; அறுவைக்குப் பின் இரண்டு வாரம் அங்கேயே தங்க இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

காப்பீட்டில் கவனம் வேண்டும். தனியார் பாலிசிகளில் தோற்றத்தை மாற்றும் அறுவை பொது விலக்கில் வரும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கும் தேவைக்கும்தான் விதிவிலக்கு. அதுவும் சிகிச்சை தரும் மருத்துவரின் சான்றோடு. தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையைச் சேர்த்து, அனுமதிக்கு முன்பே ஒப்புதல் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், செய்யப்போகும் அறுவையின் பெயரைச் சொல்லி மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் பதில் வாங்காமல் படுக்கையில் சேர வேண்டாம். கம்பிச் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். மதிப்பீட்டுத் தாளில் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர், பிளேட், ஸ்ப்ளின்ட் (அறுவையின்போது பற்களைப் புதிய இடத்தில் சேர்த்துவைக்கும் அச்சுத்தகடு), ஸ்கேன், திரும்ப வரும் நாட்கள் என்று தனித்தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கம்பி போடும் முன் எடுத்த செஃபலோகிராம், ஓபிஜி, பக்கவாட்டுப் படங்கள், பல் அச்சு ஆகியவற்றின் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது அவருக்கு வேண்டியது அந்தப் பழைய படம்தான். கம்பி பல்லை நகர்த்திய பிறகு எடுக்கிற எந்தப் படத்திலும், உங்கள் பல் முதலில் எங்கே நின்றது என்பது தெரியாது.